கிரீட் மலைக் கிராமத் தவெர்னாவில் சாப்பாடு: எப்போது போகலாம், என்ன சொல்லலாம்?

நீலப்படகு:

வணக்கம். செப்டம்பர் கடைசி வாரம் கிரீஸில் இருக்கிற கிரீட் தீவுக்குப் போறோம். கடலோர ரெதிம்னோ நகரில் தங்கி வாடகைக் காரில் சுத்துறதா திட்டம். துறைமுகத்தில் வாசலில் நின்னு ஆள் கூப்பிடுற உணவகங்கள் வேண்டாம். அமாரி பள்ளத்தாக்கு, அனோயா மலைக்கிராமம் பக்கம் ஊர்க்காரங்க சாப்பிடுற தவெர்னாவில் (சாதாரணக் கிரேக்க உணவகம்) உட்காரணும்.

நாலு பேர். ரெண்டு பேர் எல்லாம் சாப்பிடுவோம். அம்மா சைவம், முட்டையும் தொடமாட்டாங்க, ராத்திரி 7.30-க்கே சாப்பிட்டுப் பழக்கம். பையனுக்கு 9 வயசு.

எத்தனை மணிக்குப் போனா நல்ல சாப்பாடு கிடைக்கும்? நாலு பேருக்கு எவ்வளவு சொல்றது? அம்மாவுக்கு எதை நம்பிச் சொல்லலாம்? கேட்காமலே ரொட்டி வெச்சுட்டு பில்லில் காசு போடுறாங்களாமே, அது முறையா? ஆட்டுக்கறிக்கும் மீனுக்கும் கிலோ கணக்கில் விலை போட்டிருக்காங்களே, அது எப்படி?

---

மலைத்தேன்:

முதல்ல நேரத்தைப் பார்ப்போம். அது சரியா அமைஞ்சா பாதிக் கேள்வி தானா தீர்ந்துடும்.

கிராமத்துத் தவெர்னாவில் ரெண்டு விதச் சமையல் நடக்கும். ஒண்ணு மாயிரெஃப்தா: காலையிலேயே பெரிய பெரிய தட்டங்களில் அடுக்கி ஓவனில் வெச்சு மதியத்துக்குள்ள இறக்கிடுவாங்க. தக்காளி, குடைமிளகாயில் அரிசி அடைச்ச யெமிஸ்தா, பெரிய வெள்ளை அவரைக்கொட்டையைத் தக்காளியோட வேகவெச்ச யீகந்தெஸ், கத்தரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கி மேல வெள்ளைச் சாஸ் ஊத்திச் சுட்ட மூசாகா, பச்சை பீன்ஸ், வெண்டைக்காய் எல்லாம் இந்தக் கணக்கு. இன்னொண்ணு தீஸ் ஓரஸ்: சொன்ன பிறகு கரியடுப்பில் சுடுறது. ஆட்டு விலா எலும்புக்கறி, பன்றித் துண்டு, கொத்துக்கறி உருண்டை இந்த மாதிரி.

முதல் வகை மதியம் 1.30-லிருந்து 2.30-க்குள்ள உச்சத்தில் இருக்கும். ராத்திரி 9 மணிக்குத் தட்டத்தில் மிஞ்சியிருக்கிற மூசாகாவைச் சொல்லி ஏமாறாதீங்க. காலையில் செஞ்சதோட கடைசி மூலை அது, சில கடையில் முந்தின நாளுதாகவும் இருக்கும். ராத்திரி கரியடுப்போட நேரம். ஊர்க்காரங்க 9-க்கு மேலதான் வருவாங்க, அதைக் கணக்குப் பண்ணித்தான் கரி மூட்டுவாங்க. 7.30-க்குப் போய்க் கறி கேட்டா மாட்டேன்னு சொல்லமாட்டாங்க, ஆனா கரி வெள்ளைச் சாம்பல் பூத்து அடங்குறதுக்கு முன்னாடியே மேல போட்டுடுவாங்க. தீ நாக்கு எழும்பி வெளிப்பக்கம் கருகும், எலும்போரம் பச்சையா நிக்கும்.

அதனால உங்க குடும்பத்துக்கு என் யோசனை: பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு வெச்சுக்குங்க. ராத்திரி 7.30-க்கு உட்கார்ந்து அம்மாவுக்கான குளிர்ந்த, வெதுவெதுப்பான தட்டுகளை முதல்ல வரவழைச்சுட்டு, கறியை 8.15 வாக்கில் சொல்லுங்க.

இந்த ஓவன் சாப்பாடு கொதிக்கக் கொதிக்க வராது, வெதுவெதுப்பாத்தான் வரும். அது அலட்சியம் இல்லை. எண்ணெயும் காய்ச்சாறும் அடங்கி ஊறுறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். மூசாகாவைச் சூட்டோட வெட்டினா அடுக்கு சரிஞ்சு குழம்பாயிடும். சூடு பண்ணித் தரச் சொன்னா மைக்ரோவேவில் வைப்பாங்க, மேல இருக்கிற வெள்ளைச் சாஸ் திரிஞ்சு எண்ணெய் தனியாப் பிரிஞ்சு நிக்கும்.

மெனு புத்தகத்தை ரொம்ப நம்பவேண்டாம். பழைய பாணிக் கடைகளில் அறுபது பதார்த்தம் அச்சடிச்சிருக்கும், இருபதுக்குத்தான் எதிரே விலை எழுதியிருக்கும். விலை இல்லாதது கடையில் இல்லைன்னு அர்த்தம். அதைவிட நேரா "தி எஹெதே சீமெரா?" என்று கேளுங்க. இன்னைக்கு என்ன இருக்குன்னு அவங்களே அடுக்குவாங்க. சில கடையில் எழுந்து வாங்கன்னு உள்ளே கூப்பிட்டுத் தட்டங்களைக் காட்டுவாங்க. பழைய வழக்கம், கூச்சப்படாம போங்க.

அளவு: எல்லாம் நடுவில் வெச்சுப் பகிர்ந்து சாப்பிடுறதுதான் அங்கே முறை. தலைக்கு ஒரு பிளேட்னு சொன்னா மேசை தாங்காது. நாலு பேருக்கு ஒரு ஹோரியாதிகி சாலட் (தக்காளி, வெள்ளரி, மேல ஃபெத்தா பாலாடைக்கட்டி), ஒரு ஃபாவா (பருப்பு மசியல்) அல்லது ஜாட்சிகி (வெள்ளரி, பூண்டு போட்ட தயிர்), ஓவன் காய்கறி ரெண்டு தட்டு, ஒரு உருளை வறுவல், அரைக் கிலோ கறி. அவ்வளவு போதும். குறைஞ்சா அப்புறம் சொல்லிக்கலாம். இங்கேதான் எல்லாரும் வழுக்குறது: முதல், ரெண்டாவதுன்னு வரிசையா வராது. எது முடிஞ்சதோ அது வரும். மொத்தத்தையும் ஒரே மூச்சில் சொன்னா சாலட்டுக்கு முன்னாடியே விலா எலும்பு வந்து ஆறும். ஆட்டுக்கொழுப்பு ஆறினா மெழுகு மாதிரி உதட்டில் ஒட்டும், அப்புறம் யாரும் தொடமாட்டீங்க.

அனோயாவுக்குன்னே ஒரு விஷயம்: அந்திக்ரிஸ்தோ. ஆட்டுக்குட்டியைப் பெரிய துண்டுகளா வெட்டி, உப்பு மட்டும் தடவி, நீளக் கம்பியில் குத்தி நெருப்பைச் சுத்தி நிறுத்திடுவாங்க. அடியில் கரி கிடையாது. பக்கத்திலிருந்து வர்ற அனலில் மணிக்கணக்கா வேகும். கொழுப்பு உருகித் தரையில் சொட்டுமே தவிர நெருப்பில் விழாது, அதனால புகைக்கசப்பு இல்லாம தோல் மட்டும் மொறுமொறுன்னு ஆகும். ஞாயிறு மதியம்தான் இதுக்கு நாள். 3 மணிக்கு மேல போனா கழுத்துத் துண்டுதான் மிஞ்சும். காலையிலேயே போன் போட்டுச் சொல்லிடுங்க.

---

கீரைக்கட்டு:

அம்மாவின் சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கவலை வேண்டாம். கிரேக்கத் திருச்சபையின் விரத நாட்கள் ஆண்டில் பாதிக்கு நெருக்கமாக வரும். புதன், வெள்ளி, ஈஸ்டருக்கு முன் நீண்ட தவக்காலம், ஆகஸ்ட் 1 முதல் 14 வரை என்று நிறைய. அதனால் இறைச்சி, பால், முட்டை இல்லாத சமையல் அங்கே பழுத்த கலை. லதேரா என்று கேட்டால் ஆலிவ் எண்ணெயில் வெந்த காய்கறி வகைகளைக் காட்டுவார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவை: தக்காளியில் வெந்த வெண்டைக்காய் (பாமியெஸ்), பச்சை பீன்ஸ் உருளையுடன் (ஃபசோலாக்கியா), கத்தரி, சுரைக்காய் ஜாதி சுக்கினி, உருளை சேர்ந்த பிரியாம், கத்தரிக்காயை வெங்காயத்தோடு வேகவைத்த இமாம், யீகந்தெஸ். ஃபாவா என்பது மஞ்சள் பருப்பை மசித்து எண்ணெயும் பச்சை வெங்காயமும் போட்டது, அம்மாவுக்கு வீட்டு ருசி. ஹோர்தா என்றால் வேகவைத்த கீரை. வெயில் காலத்தில் அது பெரும்பாலும் வ்லீதா, நம் முளைக்கீரை, குப்பைக்கீரை குடும்பம்தான். தண்டோடு வேகவைத்து எண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றித் தருவார்கள். செப்டம்பர் கடைசியில் பருவம் முடிகிற நேரம், கிடைத்தால் விடாதீர்கள். கிரீட்டுக்கே உரிய ஸ்தம்னகாதி என்ற முட்செடிக் கீரை கொஞ்சம் கசக்கும்.

இனி பொறிகள். இதுதான் முக்கியம்.

கிரீட்டில் பிலாஃபி என்று வரும் வெள்ளைச் சோறு பார்க்க வெறும் சாதம் மாதிரியே இருக்கும். அது ஆடு அல்லது கோழி வேகவைத்த சாற்றில் வடிக்காமல் வெந்தது. கல்யாண வீட்டுப் பதார்த்தம், காமோபிலாஃபோ என்பார்கள். சைவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான்.

யெமிஸ்தாவும் திராட்சை இலை தோல்மாதேஸும் கிரீட்டில் பெரும்பாலும் அரிசி மட்டும் அடைத்தவை. ஆனால் கொத்துக்கறி சேர்ப்பவர்களும் உண்டு. "ஹோரீஸ் கீமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், கொத்துக்கறி இல்லையா என்று பொருள். மேலே மஞ்சள் நிற எலுமிச்சைச் சாஸ் இருந்தால் அது அவ்கோலேமனோ, முட்டை. சுக்கினி வடை போன்ற கொலோகிதோகெஃப்தேதெஸில் முட்டையும் பாலாடைக்கட்டியும் பிடிமானத்துக்குச் சேரும். மெல்லிய மாவை அடுக்கிச் சுடும் பலகாரங்களின் மேல்பூச்சிலும் முட்டை இருக்கலாம்.

"நிஸ்தீசிமோ", அதாவது விரதச் சாப்பாடு, என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அவர்கள் விரதத்தில் ஆக்டோபஸ், கணவாய், இறால் எல்லாம் அனுமதி. விரதத் தட்டு என்று நம்பிக் கணவாய் சோறு வந்து நிற்கும்.

"க்ரேயாஸ்" (இறைச்சி) வேண்டாம் என்றால் சிலர் ஆடு, மாடு, பன்றி என்று மட்டும் எடுத்துக்கொள்வார்கள். எனவே இப்படி முழுசாகச் சொல்லுங்கள்: "ஈ மிதேரா மூ தென் த்ரோயி க்ரேயாஸ், கொதோபூலோ, ப்ஸாரி, அவ்கோ, ஊதே ஸோமோ." அம்மா இறைச்சி, கோழி, மீன், முட்டை சாப்பிடமாட்டார், இறைச்சிச் சாறும் கூடாது. இதையே கிரேக்க எழுத்தில் போனில் வைத்துக்கொண்டால் சமையலறை வரைக்கும் போகும்.

ஃபெத்தா பற்றி: செம்மறிப் பாலில், 30 சதவீதம் வரை வெள்ளாட்டுப் பால் கலந்து செய்வது. பாலை உறையவைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் போடுவதுதான் பாரம்பரியம். அம்மாவுக்கு அது ஒத்துவராது என்றால் சாலட்டை ஃபெத்தா இல்லாமல், "ஹோரீஸ் ஃபெத்தா" என்று தனியாகச் சொல்லுங்கள். தாகோஸ் என்ற பார்லி ரஸ்க்கும் அப்படித்தான். துருவிய தக்காளி, எண்ணெய், ஒரிகானோ மட்டும் போட்டுத் தருவார்கள், அதுவே அருமை. தக்காளிச் சாறு ஊற ஐந்து நிமிடம் விடுங்கள். உடனே கடித்தால் பல்லுக்குத்தான் சோதனை.

காரம்: அநேகமாக இருக்காது. பூகோவோ என்று கேட்டால் உலர்ந்த மிளகாய்த் தூள் செதில்கள் தருவார்கள், கடையில் இருந்தால்.

---

தராசு:

பில் விஷயம்.

ரொட்டிக் காசுக்குப் பெயர் கூவேர். தலைக்கு அரை யூரோவிலிருந்து ஒன்றரை யூரோ வரை போடுவாங்க. மெனுவில் எழுதியிருக்கணும். ரொட்டி, கத்தி, முள்கரண்டி, காகிதத் துடைப்பான் எல்லாம் ஒரே கூடையில் வரும். வேண்டாம்னா உட்கார்ந்ததுமே சொல்லித் திருப்பி அனுப்பலாம். ஆனா அனுப்பாதீங்க. சாலட் கிண்ணத்தின் அடியில் தக்காளிச் சாறும் எண்ணெயும் ஃபெத்தா உதிரியும் சேர்ந்து நிக்குமே, அதைத் தொட்டுச் சாப்பிட ரொட்டி இல்லாட்டி பாதிச் சாலட் வீண்.

கிலோ விலை: ஆட்டு விலா எலும்பை, பைதாக்கியா, பச்சையா எடை போட்டுத்தான் கணக்கு. எலும்பும் சேர்ந்த எடை. பெரியவங்க ரெண்டு பேருக்கு அரைக் கிலோ சரியா இருக்கும். "மிசோகிலோ" என்று சொல்லுங்க. சும்மா பைதாக்கியான்னு மட்டும் சொன்னா சில கடைக்காரர் உங்க மேசையைப் பார்த்துத் தானா ஒரு கிலோ போட்டுடுவார். "மெரீதா" என்று எழுதியிருந்தா அது ஒரு தட்டு, எடைக்கணக்கு இல்லை.

மீனும் அப்படித்தான். பெட்டியில் காட்டச் சொல்லி, நீங்களே தேர்ந்தெடுத்து, கண்ணெதிரே எடை போடச் சொல்லுங்க. குடல் எடுக்கிறதுக்கு முன்னாடி உள்ள எடைதான் பில்லுக்கு வரும். கிலோ 60 யூரோ, மீன் 800 கிராம்னா 48 யூரோ. எடை தெரியாம தலையாட்டுறவங்கதான் பில்லைப் பார்த்துச் சண்டைக்குப் போறது. மெனுவில் நட்சத்திரக் குறியோ "கத்" என்ற சுருக்கமோ இருந்தா உறைந்த மீன். அப்புறம், அனோயா கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல இருக்கிற மேய்ச்சல்காரங்க ஊர். அங்கே போய் மீன் கேட்காதீங்க.

ஒயினும் கிலோ கணக்குதான். ஒரு கிலோன்னா ஒரு லிட்டர். "மிசோகிலோ" அரை லிட்டர், "தேதர்தோ" கால் லிட்டர். பீப்பாய் ஒயின் தகரக் குவளையில் வரும். ஊர் ஒயின் ஆம்பர் நிறத்தில், கொஞ்சம் ஷெர்ரி மணத்தோட இருந்தா கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க, மேற்குக் கிரீட்டில் அந்த ருசிதான் விரும்புவாங்க. வினிகர் மாதிரி மூக்கில் ஏறினாத்தான் திருப்பி அனுப்பணும். முதல்ல கால் லிட்டர் சொல்லிப் பார்த்துட்டு மேல போங்க.

பில் தானா வராது. ஒரு மணி நேரம் காலித் தட்டோட உட்கார்ந்திருந்தாலும் கொண்டுவரமாட்டாங்க. சாப்பிடுறவங்களை எழுப்பிவிடுற மாதிரி ஆகும்னு நினைப்பு. "தோன் லோகரியாஸ்மோ, பராகலோ" என்று கேட்கணும். கேட்ட பிறகு பழமோ அல்வாவோ ஒரு சின்னக் குடுவை ராக்கிச் சாராயத்தோட வரும். அது இலவசம், நீங்க சொல்லாத எதுவோ வந்துடுச்சுன்னு பதற வேண்டாம். அதனாலதான் தனியா இனிப்பு சொல்லவேண்டாம்னு சொல்றது. காபி பல தவெர்னாவில் இருக்காது, பக்கத்துக் கஃபெனியோவுக்கு (ஊர் காபிக்கடை) போங்க.

அச்சடிச்ச ரசீது வாங்குங்க. ரசீது தராட்டி வாடிக்கையாளர் காசு கொடுக்கவேண்டியதில்லைன்னு மெனுவிலேயே சட்டப்படி எழுதியிருக்கும். வரி எல்லாம் விலைக்குள்ளேயே அடக்கம். கார்டு எடுக்கணும்னு விதி இருக்கு, ஆனா மலையில் சிக்னல் போனா மெஷின் நிக்கும். 100 யூரோ பணமா வெச்சிருங்க.

டிப்ஸ் 5-லிருந்து 10 சதவீதம், மேசையில் நாணயமா வெச்சுட்டு வந்தா போதும்.

---

நீலப்படகு:

எல்லாருக்கும் நன்றி, பிரிண்ட் எடுத்துக்கிட்டேன். இன்னும் மூணு சந்தேகம். சமையலறைக்குள்ள போய்ப் பார்க்கிறது இப்பவும் சரிதானா? வண்டி ஓட்டுறவர் அந்த ராக்கியை வேண்டாம்னு சொன்னா அவமரியாதையா எடுத்துக்குவாங்களா? பையனுக்கு என்ன?

---

தராசு:

சமையலறை பத்தி மலைத்தேன் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. இப்போ நிறைய கடையில் கண்ணாடி அலமாரியில் தட்டங்களை அடுக்கி வெச்சிருக்காங்க, அதைப் பார்த்துக் கையைக் காட்டினா போதும். அலமாரி இல்லாத கடையில் அவங்க கூப்பிட்டா மட்டும் போங்க. ஞாயிறு 2 மணிக்கு ஊரே வந்து உட்கார்ந்திருக்கும்போது நாலு பேர் அடுப்படியில் நின்னா யாருக்குத்தான் பிடிக்கும்.

ராக்கி கிட்டத்தட்ட 40 சதவீதச் சாராயம். கிரீஸில் ஓட்டுநருக்கு ரத்தத்தில் அனுமதி லிட்டருக்கு 0.5 கிராம், லைசென்ஸ் எடுத்து ரெண்டு வருஷம் ஆகாதவங்களுக்கு 0.2. அனோயாவிலிருந்து இறங்குற ரோடு வளைவு வளைவா, இடையிடையே ஆடு குறுக்கே வரும். கோப்பையைத் தூக்கி "யா மாஸ்" சொல்லிட்டு உதட்டில் மட்டும் தொட்டு வெச்சிடுங்க. இல்லை "ஒதிகோ" என்று சொல்லி ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி கை காட்டினா சிரிச்சுக்கிட்டே விட்டுடுவாங்க. குடிச்சு முடிச்ச கோப்பையைக் காலியா வெச்சா மறுபடி நிரப்புவாங்க, அதையும் கவனிங்க.

---

மலைத்தேன்:

தராசு சொல்றது சரிதான், கூட்ட நேரத்தில் வேண்டாம். 1 மணிக்கு, கடை காலியா இருக்கும்போது கேட்டா சமையல் பண்ற அம்மாவே மூடியைத் திறந்து காட்டுவாங்க.

பையனுக்கு: கொத்துக்கறி உருண்டை பிஃப்தேக்கி, ஆலிவ் எண்ணெயில் வறுத்த உருளை, தயிர். ராத்திரி 10 மணிக்கும் பிள்ளைங்க ஓடி விளையாடிட்டு இருப்பாங்க, சத்தம் போட்டா யாரும் முறைக்கமாட்டாங்க. அவனுக்குப் பிடிக்கிற இன்னொண்ணு ஸ்ஃபாக்யா பக்கத்து மிசித்ரா பாலாடைக்கட்டி அடைச்ச ரொட்டி. தோசைக்கல் மாதிரி கல்லில் சுட்டு மேல தேன் ஊத்தித் தருவாங்க. சைவம்தான், ஆனா மாவு பிசையும்போது கொஞ்சம் ராக்கி சேர்க்கிற வழக்கம் உண்டு. சூட்டில் முழுசா ஆவியாகிடும்னு சொல்லமுடியாது, அம்மாவுக்குச் சங்கடம்னா முன்னாடியே சொல்லிவைங்க.

காகித மேசைவிரிப்பைக் கிளிப் போட்டு மாட்டியிருப்பாங்க. காத்து அடிக்குதேன்னு கழட்டி மடிச்சு வைக்காதீங்க. சாப்பிட்டு முடிச்சதும் எலும்பு, தோல், எலுமிச்சைச் சக்கை எல்லாத்தையும் சேர்த்து அப்படியே சுருட்டி எடுத்துட்டுப் போறதுக்குத்தான் அது. பூனைங்க காலைச் சுத்தும், ஒரு துண்டு போட்டீங்கன்னா ஆறு வரும்.

கழிவறையில் காகிதத்தைக் குழியில் போடக்கூடாது, பக்கத்துத் தொட்டியில். குழாய் சின்னது, அடைச்சுக்கும்.

---

கீரைக்கட்டு:

ஒன்று விட்டுப்போனது. சுற்றுலாக் கூட்டம் குறைந்த பிறகு மலைக் கிராமக் கடைகள் வாரநாட்களில் மூடியிருக்கலாம், அல்லது மதியம் மட்டும் திறக்கலாம். செப்டம்பர் கடைசி அதன் விளிம்பு. அம்மாவை வைத்துக்கொண்டு அமாரியில் ஊர் ஊராக அலையாமல், தங்கும் இடத்திலிருந்து முந்தின நாளே போன் செய்யச் சொல்லுங்கள். அதே அழைப்பில் "நாளைக்கு லதேரா ஏதாவது இருக்குமா?" என்றும் கேட்டுவிட்டால், சைவம் சாப்பிடுபவர் வருகிறார் என்று ஒரு தட்டம் பீன்ஸோ வெண்டைக்காயோ சேர்த்து ஏற்றி வைப்பார்கள். சின்னக் கடைகளில் அது சாதாரணம்.